பதிவேட்டின் ஓரத்தில்

பெரியோர் வரலாறு எழுதுவோர், அவர்கள் வென்ற போர்களையும் இயற்றிய நூல்களையும் எடுத்துச் சொல்லித் தொடங்குவது வழக்கம். நான் இங்கே சொல்லப் புகும் வாழ்க்கையில் போரும் இல்லை, அரியணையும் இல்லை. ஏழைத் தாய் ஒருத்தியின் வயிற்றில் பிறந்து, பள்ளி ஆசிரியராகி, இருபத்தொன்பதாம் வயதில் துணையற்றவராய் மாண்ட ஒருவரின் கதை இது. ஆயினும் மருத்துவம், சட்டம், தத்துவம் ஆகிய துறைகளில் உடலையும் பாலையும் பற்றி ஆராய்வோர் அவர் பெயரைச் சொல்லாமல் கடந்து செல்வதில்லை. பிரான்சு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பிறப்புப் பதிவேட்டில், 1860-ஆம் ஆண்டு, பக்கத்தின் ஓரத்தில் எழுதப்பட்ட சில வரிகளே அதற்குக் காரணம். அவ் வரிகள் ஒருவருடைய பெயரை மாற்றின, பாலையும் மாற்றின. அம் மாற்றம் எவ்வாறு நடந்தது, நடந்த பின் அம் மனிதருக்கு என்ன ஆயிற்று என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவர்தாம் எர்குலின் பார்பன்.

அவரைப் பற்றி எழுதத் தொடங்கும்போதே ஒரு நன்மை நமக்கு வாய்க்கிறது. தமிழில் 'அவர்' என்றொரு சொல் உண்டு. ஆணா பெண்ணா என்று கேளாமலே ஒருவரை மதிப்போடு குறிக்க அச் சொல் நமக்கு உதவுகிறது. பிரெஞ்சு மொழியில் இவ் வசதி இல்லை. தன்னைப் பற்றி ஒருவர் களைப்பாக இருக்கிறது என்று எழுதினாலும், அந்தச் சொல்லின் ஈறு எழுதியவர் ஆணா பெண்ணா என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். பார்பன் தம் வரலாற்றைத் தாமே எழுதியபோது சில இடங்களில் பெண்பால் ஈற்றையும், சில இடங்களில் ஆண்பால் ஈற்றையும் மாறி மாறி எழுதினார். எழுத்துத் திறமை இல்லாமல் செய்த பிழை அன்று அது. அவர் வாழ்வின் சிக்கலே அந்த ஈறுகளில்தான் இருந்தது. ஆண், பெண் என்னும் இரண்டில் அடங்காதாரையும் உயர்திணையிலேயே வைத்து, அவர்க்கெனத் தனி ஈறு இல்லை என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே விதி கூறியிருப்பதை இலக்கணம் பயின்ற நண்பர்கள் அறிவர். இனி நானும் 'அவர்' என்றே எழுதிச் செல்வேன்.

பிரான்சின் மேற்குக் கடற்கரையை அடுத்த பகுதியில் சேன்-ழான்-தாஞ்செலி என்றோர் ஊர் உள்ளது. அங்கே 1838-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அவர் பிறந்தார். 1804-இல் நெப்போலியன் காலத்தில் இயற்றப்பட்ட குடிமைச் சட்டத் தொகுப்பின்படி, குழந்தை பிறந்த மூன்று நாட்களுக்குள் ஊர் அதிகாரியிடம் பிறப்பைத் தெரிவிக்க வேண்டும். பிறந்த நாள், நேரம், இடம், குழந்தையின் பால், இடப்படும் பெயர் ஆகியவற்றை அவர் பதிவேட்டில் எழுதுவார். அங்ஙனமே எழுதினார்கள். பால்: பெண். பெயர்: அதெலாயித் எர்குலின். வீட்டில் ஆலெக்சினா என்று அழைத்தார்கள். பிறப்புப் பதிவில் உள்ள பெயரையன்றி வேறு பெயரை எவரும் தாங்கலாகாது என்று 1794-இலேயே பிரெஞ்சுப் புரட்சி அரசு சட்டம் செய்திருந்தது. ஆகவே அந்த ஒரு வரி, பள்ளிக்கும் வேலைக்கும் திருமணத்துக்கும் கல்லறைக்கும் கூடவே வரும் வரியாக இருந்தது.

தந்தை இளமையிலேயே இறந்துபோனார். தாயிடம் செல்வம் இல்லை. பிறர் வீட்டில் வேலை செய்து பிழைக்க வேண்டிய நிலை. குழந்தை சில காலம் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்தது. பின்னர் அறநிதி உதவியால் உர்சுலின் கன்னியர் நடத்திய மடத்துப் பள்ளியில் இடம் கிடைத்தது. படிப்பில் ஆலெக்சினா நல்ல கெட்டிக்காரர். உடல்தான் நலிந்திருந்தது. உடன் பயின்ற மாணவி ஒருத்தியிடம் அளவு கடந்த அன்பு வைத்து, இரவில் அவள் அறைக்குச் சென்று பேசியதற்காகத் தண்டனையும் பெற்றார். பிற்காலத்தில் தாய் பணி செய்த பெருமனையில் தாமும் பணிப்பெண்ணாக இருந்தார். அவ் வீட்டு நூலகம் அவருக்குத் திறந்திருந்தது. உரோமப் புலவர் ஓவிட் எழுதிய உருமாற்றக் கதைகளை அவர் அங்கே படித்தார். மனிதர் மரமாகவும் பறவையாகவும் மாறும் அக் கதைகள் தம் உள்ளத்தை எவ்வளவு கலக்கின என்பதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

1856-இல், பதினேழாம் வயதில், ஆசிரியப் பயிற்சிக்காக ஒலெரோன் என்னும் தீவுக்கு அனுப்பப்பட்டார். பயிற்சிக் கூடத்தை நடத்தியவர்களும் கன்னியரே. உடன் பயின்ற பெண்களிடம் பருவத்தின் மாறுதல்கள் தோன்றின. ஆலெக்சினாவிடம் அவை தோன்றவில்லை. மாதவிலக்கு வரவில்லை, மார்பு வளரவில்லை. மேலுதட்டிலும் கன்னங்களிலும் முடி அரும்பியது. அதை அவர் கத்தரிக்கோலால் வெட்டி மறைத்துக்கொண்டார். மறைக்க மறைக்க மற்றவர் கண்ணில் அது படவே செய்தது. கோடையில் மற்ற பெண்கள் கடலில் நீராடும்போது இவர் கரையில் ஒதுங்கி நின்றார். தம் உடலைப் பற்றிக் கேட்பதற்கு அவருக்கு ஆள் இல்லை. கேட்பதற்கு வேண்டிய சொற்களும் அவரிடம் இல்லை.

தேர்வில் சிறப்பாகத் தேறி, 1857-இல் பெண்கள் பள்ளி ஒன்றில் உதவி ஆசிரியர் பணியில் அமர்ந்தார். அவர் வாழ்வில் இன்பம் என்று சொல்லத்தக்க காலம் இதுதான். பிள்ளைகள் அவரை விரும்பினர். பள்ளித் தலைவியின் மகள் அங்கே இன்னோர் ஆசிரியை. பார்பன் தம் நூலில் அப் பெண்ணுக்குச் சாரா என்று பெயர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். இருவருக்கும் நட்பு உண்டாயிற்று, நட்பு காதலாயிற்று. ஊரில் மெல்லப் பேச்சுக் கிளம்பியது.

இந் நிலையில் அடிவயிற்றில் பொறுக்க முடியாத வலி வந்தது. பார்க்க வந்த மருத்துவர் திகைத்துப்போனார். இவர் பள்ளியில் இருக்கலாகாது என்று தலைவியிடம் சொல்லிச் சென்றாரேயன்றி, நோயுற்றவரிடம் விளக்கமாக எதையும் கூறவில்லை. தலைவி அதைப் பொருட்படுத்தவில்லை. வலியும் அச்சமும் மட்டும் நின்றன. ஆழ்ந்த சமயப் பற்றுடையவர் ஆதலால், பார்பன் லா ரொஷேல் நகர ஆயர் லாந்திரியோவிடம் சென்று தம் மனத்தில் இருந்ததையெல்லாம் பாவமன்னிப்பில் கொட்டினார். அங்கே கேட்டதை வெளியே சொல்வது ஆயருக்குத் தடை. அவர் பார்பனிடம் அனுமதி பெற்று, ஷெனே என்னும் மருத்துவரை அழைத்துப் பரிசோதிக்கச் செய்தார்.

1860-இல் ஷெனே செய்த பரிசோதனையின் அறிக்கை அந்த ஆண்டே மருத்துவச் சட்ட ஏடு ஒன்றில் அச்சாயிற்று. பார்பனின் உடலில் பெண்மைக்குரிய சில கூறுகளும் ஆண்மைக்குரிய சில கூறுகளும் சேர்ந்திருந்தன. மருத்துவர் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்தார். கருப்பை இல்லை; உடலின் அமைப்பு ஆணுடையது; விரைகள் உள்ளே மறைந்துள்ளன; மனம் பெண்ணை நாடுகிறது. ஆகவே இவர் ஆண் என்று முடிவு கட்டினார்.

விஞ்ஞானம் பயிலும் நாம் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். ஷெனே காலத்தில் குரோமோசோம் என்ற சொல்லே பிறக்கவில்லை. எக்ஸ், ஒய் குரோமோசோம்களுக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பை நெட்டி ஸ்டீவன்சும் எட்மண்டு வில்சனும் கண்டது 1905-இல். மனித உயிரணுவில் உள்ள குரோமோசோம்கள் 46 என்று சரியாக எண்ணியது 1956-இல். விரை உருவாகத் தூண்டும் மரபணுவை இனங்கண்டது 1990-இல். இவ்வளவும் அறிந்த பிறகு விடை எளிதாயிற்றா என்றால், இல்லை. குரோமோசோம் ஒன்று சொல்லலாம். சுரப்பி வேறொன்று சொல்லலாம். சுரப்பி அனுப்பும் ஹார்மோன் என்னும் செய்தியை உடல் ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம். வெளியுறுப்பு இவை எதனோடும் ஒத்துவராமல் இருக்கலாம். இவையெல்லாம் பெரும்பாலோரிடம் ஒரே திசையில் செல்கின்றன. சிலரிடம் செல்வதில்லை. அச் சிலரையே இன்று இடைப்பாலினர் என்கிறோம். பாலைத் தீர்மானிப்பது எது என்பதில் மருத்துவர்களே காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறார்கள். 1876-இல் செருமானிய அறிஞர் எட்வின் கிளெப்ஸ், சுரப்பியின் திசு எதுவோ அதுவே பால் என்று ஒரு பாகுபாடு வகுத்தார். பல்லாண்டுகள் மருத்துவ உலகம் அதைப் பின்பற்றிற்று. பின்பு அதுவும் போதாது என்று கண்டது. ஆக, ஓர் உடலை அளந்து பாலை முடிவு செய்தபோதெல்லாம், அந்தந்தக் காலத்தின் அளவுகோலும் அந்த முடிவில் கலந்தே இருந்தது.

ஷெனேயின் அறிக்கை வழக்குமன்றத்துக்குச் சென்றது. பார்பன் பிறந்த ஊரின் குடிமை நீதிமன்றம் பதிவைத் திருத்துமாறு ஆணையிட்டது. 1860-ஆம் ஆண்டு ஜூன் 22-ஆம் நாள் தேதியிட்டு, இருபத்தோராண்டுப் பழைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் குறிப்பு ஏறியது. குழந்தை ஆண் என்று கொள்ளப்பட வேண்டும். அதெலாயித் எர்குலின் என்னும் பெயருக்கு ஈடாக ஆபெல் என்னும் பெயர் அமைய வேண்டும். இவ்வளவுதான் அதன் செய்தி.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சட்டம் இங்கே பாலை மாற்றியதாகச் சொல்லவில்லை. பிழையைத் திருத்தியதாகவே சொல்லிற்று. அஃதாவது 1838-இல் அதிகாரி தவறாக எழுதிவிட்டார்; உண்மை இப்போது தெரிந்துவிட்டது என்பதே அதன் கருத்து. இக் கருத்தின்படி, மடத்தில் பயின்ற ஆலெக்சினா, ஒலெரோன் தீவில் தேர்வு எழுதிய ஆலெக்சினா, பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஆலெக்சினா ஆகிய இருபத்தோராண்டு வாழ்க்கை முழுவதும் ஓர் எழுத்துப் பிழையாயிற்று. பிழையை அடித்துவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று பதிவேடு எண்ணியது. கணக்குக்குள் இருந்த மனிதரிடம், அவர் எதை விரும்புகிறார் என்று கேட்பதற்குச் சட்டத்தில் வழியே வைக்கப்படவில்லை. பரிசோதனைக்கு உடன்பட்டவர் அவர். மனச்சான்றின் உறுத்தலால் தாமே சென்று முறையிட்டவரும் அவர். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் விடையைச் சொன்னவர் மருத்துவர், முத்திரையிட்டவர் நீதிபதி.

பயன்களைப் பாருங்கள். 1848 முதல் பிரான்சில் இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர்க்கெல்லாம் வாக்குரிமை உண்டு, பெண்டிர்க்கு இல்லை. பதிவேட்டின் ஓரத்தில் எழுதிய மை காய்வதற்குள், வாக்குரிமைக்குரிய கூட்டத்தில் பார்பன் சேர்க்கப்பட்டுவிட்டார். சொத்து, தொழில் முதலியவற்றில் பெண்ணுக்கு இருந்த பல தடைகளும் ஏட்டளவில் நீங்கின. ஆனால் உண்மையில் கையில் இருந்தவை எல்லாம் போயின. பெண்கள் பள்ளியில் ஆபெல் என்னும் ஆடவருக்கு இடம் ஏது? உழைத்துப் பெற்ற ஆசிரியப் பயிற்சி வீணாயிற்று. சட்டம் ஆடவர் என்று கூறிவிட்டதால் சாராவை மணம் பேசக் கொள்கையளவில் வழி திறந்தது. நடப்பிலோ, அவ்வளவு நாள் ஓர் ஆடவர் மகளோடு ஒரே வீட்டில் இருந்தார் என்ற பழியை அஞ்சிய குடும்பத்தில் அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. பிரிவு ஒன்றே நேர்ந்தது. செய்தித்தாள்களிலும் விஷயம் வெளிவந்தது. நேற்றுவரை ஆசிரியையாக இருந்தவரைக் கண்டால் தெருவே திரும்பிப் பார்த்தது.

ஊரில் இருக்க முடியாமல் ஆபெல் பாரிசு நகரம் சென்றார். தெரிந்தவர்களின் உதவியால் இரயில்வேயில் ஒரு வேலை கிடைத்தது; நிலைக்கவில்லை. பிறகு வேலை தேடி அலைந்தார். தையலும் கல்வியும் மென்மையான நடத்தையும் கற்றுத் தந்து வளர்த்த கைகள் அவருடையவை. ஆடவர் வேலைக்கு வந்து நின்றபோது, அந்தக் கைகளைப் பார்த்தவர்கள் வலுவற்றவை என்றார்கள். பெண்ணாக இருந்தபோது ஆணைப் போன்றவர் என்று சிரித்த உலகம், ஆணான பிறகு பெண்ணைப் போன்றவர் என்று கதவைச் சாத்திற்று. பசியோடு கழித்த நாட்களும் உண்டு. கப்பலில் பணியாளாகச் சேர்ந்து அமெரிக்கா செல்ல ஒரு கட்டத்தில் திட்டமிட்டார். அதுவும் நிறைவேறவில்லை. இந்தக் காலத்தில்தான் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதினார். தொடக்கப் பகுதிகளில் மடத்துத் தோட்டமும் கடற்காற்றும் அன்பும் நிறைந்திருக்கின்றன. பாரிசு வந்த பிறகான பக்கங்களில் தனிமையைத் தவிர வேறு இல்லை.

1868-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், பாரிசின் மருத்துவக் கல்லூரித் தெருவில் இருந்த வீடொன்றின் மேல்மாடத்துச் சிற்றறையில் அவர் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். தாய்க்கு ஒரு கடிதமும், தம் கதையை எழுதிய தாள்களும் அருகில் இருந்தன. வயது இருபத்தொன்பது. இதைச் சோகக் கதையாகச் சொல்லிக் கண்ணீர் வரவழைப்பது என் நோக்கமன்று. அவரது உடல் அவரைக் கொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த உடலோடு அவர் இருபத்தொரு ஆண்டுகள் படித்தார், பாடம் சொன்னார், அன்பு செய்தார், அன்பு பெற்றார். வேலையும் உறவும் ஊரும் இழந்து எட்டாண்டுகள் தனித்து நின்ற பிறகுதான் அவர் உடைந்தார்.

இறந்த பிறகும் மருத்துவம் அவரை விடவில்லை. கூழோன் என்னும் மருத்துவர் உடலை அறுத்துச் சோதித்து, 1869-இல் படங்களோடு அறிக்கை வெளியிட்டார். எழுதி வைத்த தாள்கள் புகழ்பெற்ற மருத்துவச் சட்ட அறிஞர் தார்தியூவின் கைக்குச் சென்றன. 1874-இல் வெளிவந்த தம் நூலில் அவர் அவற்றை அச்சிட்டார்; முழுவதையும் அச்சிடவில்லை. கடைசிக் காலத்துப் பகுதிகளில் வேண்டியவற்றை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டார். மூலப்படி இன்று இல்லை. எனவே பார்பனின் சொந்தக் குரலும் ஒரு மருத்துவரின் கத்தரிக்குத் தப்பிய அளவே நமக்குக் கிடைத்திருக்கிறது. நூறாண்டுகள் அந்த எழுத்து மருத்துவ நூல்களின் அடுக்கில் உறங்கிக் கிடந்தது. 1978-இல் தத்துவ அறிஞர் மிசேல் ஃபூக்கோ அதைத் தேடியெடுத்து, மருத்துவ அறிக்கைகளோடும் பதிவேட்டுக் குறிப்போடும் சேர்த்து வெளியிட்டார். பார்பன் பிறந்த நவம்பர் 8-ஆம் நாளை இடைப்பாலினரின் நினைவு நாளாகப் பல நாடுகளில் இப்போது கடைப்பிடிக்கிறார்கள்.

அந்தக் காலத்தில் வேறு வழியே இல்லை என்று சிலர் சொல்லக்கூடும். அது சரியன்று. பிரான்சின் அண்டை நாடாகிய பிரஷ்யாவில் 1794-இல் இயற்றப்பட்ட பொதுச் சட்டம், இத்தகைய குழந்தையை எந்தப் பாலாக வளர்ப்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கலாம் என்றும், பதினெட்டு வயது நிறைந்த பின் அவரே தம் பாலைத் தெரிந்துகொள்ளலாம் என்றும் விதித்திருந்தது. பிறருடைய உரிமை அதைப் பொறுத்திருந்தால் மட்டும் வல்லுநர் ஆய்வு மேலோங்கும். குறையற்ற சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது. ஆயினும் சம்பந்தப்பட்டவரையே கேட்பது என்னும் எண்ணம் அதில் இருந்தது. 1900-இல் புதிய செருமானியக் குடிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அவ் விதி மறைந்தது. அறிவு வளர வளரச் சட்டம் தானே முன்னேறும் என்று நாம் நம்புகிறோம். இங்கே விஞ்ஞானம் வளர்ந்தது. மனிதரைக் கேட்கும் வழக்கமோ மறைந்தது.

அதே செருமனியில் இன்னொரு வாழ்க்கை உண்டு. கார்ல் பேயர் என்பவர் 1885-இல் ஆரோல்சன் என்னும் ஊரில் பிறந்து, மார்த்தா என்னும் பெண்ணாக வளர்க்கப்பட்டார். தாம் ஆடவர் என்ற உறுதி அவருக்கே இருந்தது. மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்பெல்ட் துணை நின்றார். 1907-இல் நீதிமன்றம் புதிய பெயரோடும் புதிய பாலோடும் பிறப்புச் சான்று வழங்கியது. அந்த ஆண்டே அவர் தாம் விரும்பிய பெண்ணை மணந்தார். தம் இளமை வரலாற்றைப் புனைபெயரில் நூலாகவும் வெளியிட்டார். பெர்லினில் யூதர் அமைப்பு ஒன்றில் பொறுப்பான பதவி வகித்து, நாசி ஆட்சியின் கொடுமையால் 1938-இல் பாலஸ்தீனம் சென்று, 1956-இல் எழுபத்தொன்றாம் வயதில் காலமானார். பார்பனுக்கும் பேயருக்கும் பதிவேட்டில் நிகழ்ந்தது ஏறக்குறைய ஒன்றே. ஒருவரிடம் அது மேலிருந்து வந்து விழுந்தது. மற்றவர் தாமே கேட்டுப் பெற்றார். ஒருவருக்குத் திருத்தத்தின் மறுநாள் தொழிலும் துணையும் இல்லை. மற்றவருக்கு இரண்டும் இருந்தன. வேறுபாடு இங்கேதான் இருக்கிறது.

நண்பர்களே, இது எங்கோ பிரான்சில் நடந்த பழங்கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. நம் நாட்டில் 2014-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் உச்சநீதிமன்றம், தம் பாலை அறுதியிட்டுக் கூறும் உரிமை அவரவர்க்கே உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருமணப் பதிவு பற்றிய ஒரு வழக்கில் தீர்ப்புக் கூறும்போது, இடைப்பாலினக் குழந்தைகளை ஆண் என்றோ பெண் என்றோ ஆக்குவதற்காக அறுவை செய்வதைத் தடுக்குமாறு ஆணையிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்ற வேளைகளில் அத்தகைய அறுவையைத் தடை செய்து அரசாணை பிறப்பித்தது. பார்பனின் உடலை அளந்து முடிவு சொன்ன காலத்திலிருந்து, குழந்தை வளர்ந்து தானே சொல்லும்வரை காத்திருக்க வேண்டும் என்னும் நிலைக்குச் சட்டம் நடந்து வந்திருக்கிறது. அந்தத் தொலைவில் ஓர் அடி மதுரையில் வைக்கப்பட்டது என்பதில் நாம் பெருமை கொள்ளலாம்.

ஆனால் ஆணையால் மட்டும் எல்லாம் நடந்துவிடுமா? ஊர் விட்டு ஊர் வந்து படிக்கும் தமிழ் மாணவர்களாகிய நமக்குப் பதிவேடு படுத்தும் பாடு ஓரளவு தெரியும். தந்தையின் பெயரை முதலெழுத்தாக வைத்துக்கொள்வது நம் வழக்கம். இங்குள்ள விண்ணப்பத் தாளோ குடும்பப் பெயர் எங்கே என்று கேட்கிறது. ஒரு சான்றில் முதலெழுத்து முன்னால், இன்னொன்றில் தந்தையின் முழுப் பெயர் பின்னால் என்று அமைந்துவிட்டால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்க உறுதிமொழிப் பத்திரம் எழுதி முத்திரை வாங்கி நாட்கணக்கில் அலைகிறோம். ஓர் எழுத்து இடம் மாறியதற்கே இவ்வளவு அலைச்சல். பெயரும் பாலும் இரண்டும் மாறிய ஒருவர், பள்ளிச் சான்று, பட்டச் சான்று, வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு ஒவ்வொன்றுக்கும் எத்தனை சாளரங்களின் முன் நின்று, எத்தனை அந்நியரிடம் தம் உடலின் கதையைச் சொல்ல வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். பத்துச் சான்றுகளில் ஒன்று திருந்தாமல் நின்றாலும் மற்ற ஒன்பதும் பொய்யென்று ஐயுறப்படும். பார்பனின் வேலை போனது போல, இன்றும் ஒருவருடைய வேலை அந்த ஒரு தாளில் தட்டி நின்றுவிடலாம்.

நாளை நம்மில் சிலர் மருத்துவராவோம், சிலர் வழக்கறிஞராவோம், சிலர் அரசு அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்து உட்காருவோம், என் போன்ற சிலர் ஆய்வுக்கூடத்தில் மரபணுவை எண்ணிக்கொண்டிருப்போம். அப்போது நம் மேசைக்கு முன் ஒருவர் வந்து நின்று, தம் பெயரையும் பாலையும் திருத்திக் கேட்கலாம். தாளில் உள்ளதையும் உடலில் உள்ளதையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன்னால், அவரை உட்காரச் சொல்லி, அவர் சொல்வதைக் கேட்போம். கேட்ட பின் எழுதுவோம். எழுதியதோடு நில்லாமல், மறுநாள் அவர் எந்தப் பள்ளியில் பாடம் சொல்வார், எந்த வீட்டில் குடியிருப்பார், யாரோடு உண்பார் என்பதையும் எண்ணுவோம். சேன்-ழான்-தாஞ்செலி ஊரின் பதிவேடு ஆபெல் பார்பனுக்கு ஒரு பெயரைக் கொடுத்தது. அப் பெயரோடு அவர் வாழ்வதற்கு ஓர் இடத்தை எவரும் கொடுக்கவில்லை. அந்த இடத்தைக் கொடுக்கும் பொறுப்பு சட்டத்துக்கு மட்டும் உரியதன்று. விடுதியில் பக்கத்து அறையில் இருப்பவருக்கும், வகுப்பில் பக்கத்து இருக்கையில் அமர்பவருக்கும் அது உரியது. அஃதாவது, நமக்கும் உரியது.